தாம்பரத்தில் ஒரு சாவிக்காக மூன்றே முக்கால் மணி நேரம்

நியூஜெர்சியில் இருக்கும் எடிசனுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஃபிளாட்டைப் பார்க்க, 71 வயது அம்மாவுடன் காலை பதினொரு மணிக்குப் போய் நின்றேன். கதவு திறந்தபோது மணி இரண்டே முக்கால். சாவி இல்லை என்பதுதான் காரணம்.

அப்பா போன பிறகு அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். போன குளிர்காலத்தில் இங்கே வந்து மூன்று மாதம் இருந்து பார்த்தார். "ஜன்னல் வழியா மனுசங்களே தெரியலடி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சரி, ஊரிலும் இல்லாமல் அமெரிக்காவிலும் இல்லாமல், நடுவில் ஓர் இடம் பார்க்கலாம் என்று தாம்பரத்தில் வந்து நின்றோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தாம்பரம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இரவு ரயிலில் ஏறினால், விடிவதற்கு முன்னால் பெட்டியில் ஒரு குரல் "தாம்பரம், தாம்பரம்" என்று எழுப்பும். அரிசி மூட்டை, தேங்காய்ப் பை எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு மாறுவோம். சின்ன வயதில் எனக்கு அதுதான் சென்னை. 1931-ல் இருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டியில் இன்றைக்கும் பத்து ரூபாய்க்குப் போகலாம். விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் தாம்பரத்திலிருந்து நான்காவது ஸ்டேஷன். தெற்கே போகும் பஸ்களுக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் வந்துவிட்டது. இங்கே எடிசனில் என் வீட்டிலிருந்து மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்குப் போகக் கார் வேண்டும். கார் ஓட்டத் தெரியாத ஓர் அம்மா இந்த ஊரில் கைதி மாதிரி. அதனால் "நல்ல கனெக்டிவிட்டி மேடம்" என்று தரகர் போனில் சொன்னபோது, அந்த வார்த்தையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்புறம் அந்தச் சாவி.

பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டேன். "பத்து நிமிஷம் மேடம், சாவி வந்துட்டே இருக்கு." பதினொன்று நாற்பதுக்கும் அதே பத்து நிமிஷம். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். சாவி அவருடைய மச்சினனிடம். மச்சினன் அதை முந்தின நாள் இன்னொரு தரகரிடம் கொடுத்துவிட்டார். அவர் பல்லாவரத்தில் வேறு ஒரு பார்ட்டியோடு நிற்கிறார். இவ்வளவும் ஒரே தடவையில் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு போனுக்கும் ஒரு துண்டு. பன்னிரண்டரைக்கு, "சார் வரலையா மேடம்? சார் வந்தப்புறம் பாக்கறதுன்னாலும் ஓகேதான்" என்றார். நான் சம்பாதித்த பணம், என் அம்மாவுக்கு வீடு. இதில் சார் எங்கே வருகிறார் என்று கேட்டேன். எதிர்முனையில் பதில் இல்லை.

எடிசனில் நாங்கள் வீடு வாங்கியபோது பதினான்கு வீடு பார்த்தோம். ஒவ்வொரு வாசலிலும் கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும். ஏஜென்ட் போனைக் காட்டினால் அது திறக்கும், உள்ளே சாவி இருக்கும். அந்தப் பெட்டி ஊரில் இல்லை என்பதல்ல என் கோபம். ஒரு வயதான மனுஷி வெயிலில் நிற்கிறார் என்று தெரிந்த பிறகும் "இன்னும் மூணு மணி நேரம் ஆகும்மா, வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்.

வாட்ச்மேன் அண்ணன்தான் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து கார் நிறுத்தும் இடத்தில் நிழலாகப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அம்மா உட்கார்ந்தார். அம்மா உட்கார்ந்தால் சும்மா இருக்க மாட்டார்.

முதலில் ஓரத்துக் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "உப்பு." போர் தண்ணீர். பன்னிரண்டே காலுக்கு ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாகவே தெருவுக்குள் வந்தது. தெரு அவ்வளவு குறுகல். குழாயை சம்ப்பில் விட்டுவிட்டு டிரைவர் நின்றார். வாட்ச்மேன் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார். அம்மா அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். ஏப்ரலில் வாரத்துக்கு ஒரு லோடு, ஜூனில் மூன்று. எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தில் "24 மணி நேரத் தண்ணீர்" என்று இருந்தது.

அப்புறம்தான் அம்மா அந்த மீட்டர் பெட்டிகளைக் கவனித்தார். படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில், என் தலைக்கு மேலே, வரிசையாக ஈ.பி. மீட்டர்கள். ரீடிங் எடுக்க ஸ்டூல் போட்டால்தான் எட்டும். அதே சுவரில் முட்டி உயரத்தில் சிமென்ட் வைத்து அடைத்த ஓட்டைகள், நான்கு நான்காக. மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் விரலை வைத்தால் மேடு தெரிகிறது. "இது ஏன் இங்கேருந்து அங்க போச்சு?" என்று அம்மா கேட்டார். வாட்ச்மேன் தயங்கினார். முதல் மாடியிலிருந்து துணி எடுக்க இறங்கி வந்த ஓர் அக்காதான் பதில் சொன்னார்.

"2015 டிசம்பர்ல இங்க வரைக்கும் தண்ணிம்மா." அவர் கை வைத்துக் காட்டியது அவருடைய மார்பளவு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு பெருகி வந்த நாட்கள் அவை. நான் இங்கே உட்கார்ந்து செய்தியில் பார்த்த அந்தத் தண்ணீர் இந்தச் சுவரில்தான் நின்றிருக்கிறது. கீழ் வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஏறிவிட்டார்கள். நான்கு நாள் கரன்ட் இல்லை, மோட்டார் முழுகியதால் மேல் டாங்கில் தண்ணீர் இல்லை. ஒரு கைக்குழந்தையையும் ஒரு சர்க்கரை நோயாளித் தாத்தாவையும் படகில் இறக்கினார்கள். 2023 மிக்ஜாம் புயலில் அந்த அளவு இல்லையாம். ஆனால் தெருவில் முட்டிக்கால் தண்ணீர், இரண்டு நாள் கரன்ட் இல்லை. அதன் பிறகு மீண்டும் வடிகால் வேலை நடந்திருக்கிறது, இப்போது பரவாயில்லை என்றும் அந்த அக்கா நேர்மையாகவே சொன்னார்.

நியூஜெர்சியில் 2024 மார்ச்சிலிருந்து, வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்திருந்தால் விற்பவர் வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். இங்கே எங்களுக்குச் சொன்னது நான்கு ஓட்டைகளும், துணி எடுக்க வந்த ஓர் அக்காவும். சாவி சரியாகப் பதினொன்றுக்கு வந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

இரண்டே முக்காலுக்குச் சாவி வந்தது. வீட்டைப் பார்க்கப் பன்னிரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. இரண்டாவது மாடி, 1,050 சதுர அடி, பிரிக்கப்படாத நிலப்பங்கு 480, கேட்பது 58 லட்சம். நல்ல காற்று. சமையலறை ஜன்னலில் ஒரு முருங்கை மரம் தெரிகிறது. வில்லங்கச் சான்றை எடிசனிலிருந்தே பதிவுத்துறைத் தளத்தில் பார்த்துவிட்டேன், பிரச்சினை இல்லை. முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக்கட்டணம் 2, அதற்கு மேல் தரகருக்கு. 50 லட்சத்துக்கு மேல் என்பதால் நான் பிடித்துக் கட்ட வேண்டிய 1 விழுக்காடு வரி வேறு. இதெல்லாம் தெரிந்த கணக்கு. வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். தரகர் முகம் மாறாமல், "செகண்ட் ஃப்ளோருக்கு எப்படி மேடம் தண்ணி வரும்?" என்றார். அடுத்த மூச்சில், "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க, ஒரு லட்சம் டோக்கன் போட்டுட்டுப் போயிடுங்க."

வீட்டுக்குள் வராதுதான். ஆனால் முட்டி வலியுள்ள அம்மா, லிஃப்ட் நின்ற கட்டடத்தில், கீழே தண்ணீர் நிற்கும்போது நான்கு நாள் என்ன செய்வார்? 2015-ல் ரயில் நின்றது, விமான நிலையத்தையே சில நாள் மூடிவிட்டார்கள். திரிசூலம் நாலே ஸ்டேஷன் என்று நான் சந்தோஷப்பட்ட தூரம், மற்ற நாட்களுக்கு மட்டும்தான் செல்லும். நான் ஓடி வர வேண்டிய நாளில் வர முடியாது. வீட்டை விற்பவர்கள் இதை யோசிக்க மாட்டார்கள், நான் யோசித்தே ஆக வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், அம்மாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தார். "ரெண்டு தெரு தள்ளி பிள்ளையார் கோயில் இருக்கு. கீரைக்காரி வாசலுக்கே வர்றா. அந்த முதல் மாடிப் பொண்ணு எனக்கு மோர் கொண்டாந்து குடுத்துச்சு பாரு. தண்ணி நம்ம ஊர்லயும்தான் வருது." மன்னார்குடியில் தண்ணீர் வந்தால் வயலில் நிற்கும், தெருவில் எல்லோரும் சொந்தக்காரர்கள், நீ மாடியில் மாட்டிக்கொள்ள மாட்டாய் என்றேன். அம்மா பதில் சொல்லாமல் ஸ்டேஷன் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் அவருக்கு ஒரு தெரு கிடைத்துவிட்டது என்பது எனக்கும் புரிகிறது. எடிசனில் மூன்று மாதத்தில் கிடைக்காதது அது.

டோக்கன் கொடுக்கவில்லை. "இன்னொரு பார்ட்டி" வாங்கிவிட்டால் வாங்கட்டும். முதல் மாடி அக்காவின் நம்பர் இப்போது அம்மாவின் போனில் இருக்கிறது, வாரம் ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும், மாடியிலிருந்து தெருவை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "எடுத்து அனுப்புறேன், ஆனா நீங்க அம்மாவ ஒரு தடவ மழையிலயே கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றார். நவம்பரில் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.