முழங்கால் வலியுள்ள பெரியம்மாவோடு தில்லி: வாடகைக் காரா, மெட்ரோவா?

திங்கட்கிழமை விடுமுறை ஒன்று வார இறுதியோடு சேர்ந்து வந்ததால், எழுபத்தொரு வயதான என் பெரியம்மாவைத் தில்லிக்கு அழைத்துச் சென்றேன். சனிக்கிழமை முழுவதும் வாடகைக் காரில் சுற்றினோம். ஞாயிறும் திங்களும் மெட்ரோவையும் ஆட்டோவையும் நம்பினோம். கிளம்புவதற்கு முன் உறவினர் அனைவரும் ஒரே குரலில் கார்தான் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். திரும்பி வந்தபின் என் கருத்து மெட்ரோவின் பக்கம் சாய்ந்துவிட்டது. இனி நான் எழுதுவதை அந்தச் சாய்வோடு சேர்த்தே வாசிக்க வேண்டுகிறேன்.

வெளிப்படையான சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். செலவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்ற வழக்கமான கணக்கில் பேசிய காருக்கு, கூடுதல் நேரமும் ஓட்டுநர் படியும் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டிக் கொடுத்தோம். மெட்ரோவிலோ, 2025 ஆகஸ்டில் கட்டணத்தை உயர்த்திய பிறகும், விமான நிலையத் தடம் நீங்கலாக ஒருவருக்கு ஒரு பயணம் 11 ரூபாயில் தொடங்கி 64 ரூபாயோடு நின்றுவிடுகிறது. ஆயினும் மூத்தவர்களை அழைத்துப் போகும்போது பணம் இரண்டாவது கேள்விதான். விமான நிலையத்திலிருந்து பெட்டி படுக்கையோடு விடுதிக்குப் போவதற்குக் காரே சரி; அதில் விவாதத்துக்கு இடமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பெரியம்மாவின் முழங்கால். சமதளத்தில் கால் மணி நேரம் அவர் தளராமல் நடப்பார். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழுவதும், படி ஏறுவதும், ஓரிடத்தில் அசையாமல் நிற்பதும்தான் அவரை வாட்டுகின்றன. நடையைக் குறைத்தால் வலி குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் கார் பேசினோம். அந்தக் கணக்கு தவறு என்பது முதல் நாள் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் என்ற மூன்று இடங்களோடு நடுவில் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இறங்கினோம். வந்தது செடான் வகைக் கார். அதன் இருக்கை முழங்கால் மட்டத்துக்குக் கீழே இருந்ததால், ஒவ்வொரு முறையும் பெரியம்மா கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, உடலைத் திருப்பி, ஒரு காலை வெளியே வைத்து, என் தோளில் சாய்ந்து எழ வேண்டியிருந்தது. விடுதிக்குத் திரும்புவதற்குள் இப்படி ஏறி இறங்கியது பத்து முறையைத் தாண்டியிருக்கும். அன்றிரவு தைலம் தேய்த்துக்கொண்டே, "நடந்ததால் வலிக்கவில்லையடா, உட்கார்ந்து எழுந்ததால்தான் வலிக்கிறது" என்றார்.

காத்திருப்பு இன்னொரு தொல்லை. கார் வாசலில் இறக்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் வாசலில் நிற்காது. சுற்றிப் பார்த்து வெளியே வந்து ஓட்டுநரை அழைத்தால், எங்கோ நிறுத்தியிருக்கும் வண்டியை எடுத்து, நெரிசலில் திரும்பி வந்துசேர இருபது நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிடமும் நடைபாதையில் உட்கார இடமின்றி நிற்க வேண்டும்; அவருக்கு ஆகாததே அதுதான். போதாக்குறைக்கு எங்கள் ஓட்டுநர் நாங்கள் கேட்காமலேயே ஒரு கைவினைப் பொருள் கடையின் முன்னால் வண்டியை நிறுத்தி, "சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அந்தக் கடைக்குப் பதினொரு படிகள்.

இதையெல்லாம்விட முக்கியமானது, கார் சாலையில் உள்ள தூரத்தை மட்டுமே குறைக்கிறது என்பது. சுற்றுலா இடங்களில் உண்மையான நடை வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது. தாமரைக் கோயிலில் வாயிலிலிருந்து தோட்டத்தின் நடுவே நீண்ட பாதையைக் கடந்துதான் கட்டடத்தை அடைய முடியும். ஹுமாயூன் கல்லறையில் கார் நுழைவுச் சீட்டு வாங்குமிடத்துக்கு அருகிலேயே விட்டது. ஆனால் கல்லறை நிற்கும் உயர்ந்த மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. ஒவ்வொரு படியும் சாதாரணப் படியைவிட உயரம். பெரியம்மா கீழே நின்று, செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் கலந்த அந்த முகப்பை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு இது போதும், நீ ஏறிப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ. நாங்கள் தங்கியது கரோல் பாக்கில். அங்கு ஓடுவது நீலத் தடம். பெரியம்மாவை ஒரு படிகூட ஏறவிடாமல் மின்தூக்கியிலேயே நடைமேடைக்கு அழைத்துச் சென்றேன். ரயிலின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் வீட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போவதுபோல உள்ளே போய்விடலாம். இருக்கை நிமிர்ந்து உட்காரும் உயரத்தில் இருக்கிறது. பிடித்து எழுவதற்குப் பக்கத்திலேயே கம்பி உண்டு. முதல் பெட்டி பெண்களுக்கானது என்பதால் நான் உடன் ஏற முடியாது. அந்த வசதி எங்களுக்குப் பயன்படவில்லை. ஆனால் மற்றப் பெட்டிகளிலும் மூத்தோருக்கான இருக்கைகள் உள்ளன. அவற்றில் அமர்ந்திருந்த இளைஞர்கள் நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள்.

செங்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வரைபடத்தைப் பார்த்ததும் ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் தடத்துக்கு மாறிச் சாந்தினி சௌக் போகலாம் என்றே தோன்றும். ராஜீவ் சௌக்கின் கூட்டத்தில் மூத்தவர்களை அழைத்துச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. நீலத் தடத்திலேயே இன்னும் இரண்டு நிலையம் போய், மண்டி ஹவுஸில் ஊதாத் தடத்துக்கு மாறினால் லால் கிலா நிலையத்தில் இறங்கலாம்; கோட்டை அருகிலேயே இருக்கிறது. கோட்டைக்கு உள்ளே நடை அதிகம் என்றாலும் பெரும்பகுதி சமதளம். லாகூர் வாயிலைத் தாண்டி சத்தா சௌக் கடைவீதி வழியாகத் திவானி ஆம் என்ற அரசவை மண்டபம் வரை பெரியம்மா நிதானமாக நடந்தார். எதிரே உள்ள சாந்தினி சௌக்கில் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. கார் வைத்திருந்தாலும் அதைத் தெருமுனையில் விட்டுவிட்டுச் சைக்கிள் ரிக்ஷாதான் ஏற வேண்டியிருக்கும்.

அங்கிருந்து மண்டி ஹவுஸுக்குத் திரும்பினால், அக்ஷர்தாம் கோயிலுக்கு அதே நீலத் தடம்தான். யமுனா பேங்க் நிலையத்தில் தடம் இரண்டாகப் பிரிகிறது. வைஷாலி செல்லும் ரயில் அக்ஷர்தாம் போகாது, நொய்டா பக்கம் செல்லும் ரயிலில்தான் ஏற வேண்டும். அக்ஷர்தாமுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. காரில் வந்தவர்கள் கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகலாம், பொருட்களை ஒப்படைக்கும் அறையின் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். ஆனால் வெளியே வந்ததும் ஓட்டுநரை எதைக்கொண்டு அழைப்பது? மாலையில் ஒரு குடும்பம் வாகன நிறுத்துமிடத்தில் வரிசை வரிசையாகத் தங்கள் வண்டியைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மெட்ரோவின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும்; ஞாயிறு மாலை அந்த நிற்றல் பெரியம்மாவுக்குச் சிரமமாகவே இருந்தது. தடம் மாறும் நிலையங்களில் சில தாழ்வாரங்கள் ஒரு சிறு தெரு அளவுக்கு நீளம். தெருவிலிருந்து இறங்கும் மின்தூக்கி சாலையின் மறுபக்கத்தில் இருப்பதும் உண்டு. எந்த வாயிலில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளாவிட்டால் வீண் அலைச்சல். குதுப்மினார் என்று பெயர் கொண்ட நிலையத்திலிருந்து குதுப்மினாருக்கு நடந்துபோக முடியும் என்று பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது; ஆட்டோ வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது காலை உயர்த்த வேண்டியிருந்தாலும், உட்காரும் உயரம் செடானைவிட அவருக்கு ஏற்றதாக இருந்தது.

எதைத் தேர்ந்தாலும் திங்கட்கிழமையை மறந்துவிடக் கூடாது. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு அன்று விடுமுறை. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் திறந்திருக்கும். நாங்கள் குதுப்மினாரைத் திங்களுக்கு ஒதுக்கியது நல்லதாயிற்று. 379 படிகள் கொண்ட அந்தக் கோபுரத்தில் 1981 இல் நடந்த விபத்துக்குப் பிறகு யாரையும் ஏறவிடுவதில்லை. ஆகவே முழங்கால் வலி உள்ளவரும் இல்லாதவரும் அங்கே ஒன்றுதான். பெரியம்மாவுக்கு அந்தச் சமத்துவம் பிடித்திருந்தது. மாலையில் படேல் சௌக்கில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் பங்களா சாஹிப் குருத்வாராவுக்குப் போனோம். குளக்கரையில் வெகுநேரம் அமர்ந்திருந்தோம்.

என் அனுபவம் குளிர்காலத்தின் மூன்று நாட்களோடு முடிகிறது. மே, ஜூன் வெயிலில் ஆட்டோவுக்காகச் சாலையோரம் நிற்பது வேறு கதையாக இருக்கும்; அப்போது நானே கார் பேசினாலும் பேசுவேன். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கும் என் சொல்லை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். பெரியம்மாவால் சமதளத்தில் நடக்க முடிந்தது என்பதே எங்கள் கணக்கின் அடிப்படை. மூன்று நான்கு பேராகப் போனால் செலவுக் கணக்கும் காருக்குச் சற்றுச் சாதகமாகும். கார்தான் என்று முடிவு செய்தால், செடானை விடுத்து இருக்கை உயரமான வண்டியைக் கேட்டு வாங்குங்கள். கடைகளுக்கு அழைத்துப் போகக் கூடாது என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.