ஆயில் பிரஷர் மீட்டர்: டியூப் வைத்ததா, ஒயர் வைத்ததா?

லாரியோடு வரும் சிவப்பு ஆயில் விளக்கை மட்டும் நம்பி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் அரை பார் (bar, பிரஷரை அளக்கும் அலகு) பக்கம் இறங்கினால்தான் அது எரியும். ஓட்டத்தில் 3, 4 பார் இருக்க வேண்டிய இன்ஜின் ஒன்றரைக்கு வந்தாலும் விளக்கு கம்மென்று இருக்கும். அதனால்தான் டாஷ்போர்டில் தனியாக ஒரு மீட்டர்.

கடையில் இரண்டு வகை உண்டு. மெக்கானிக்கலில் இன்ஜின் பிளாக்கிலிருந்து மெல்லிய டியூப் வழியாக ஆயிலே மீட்டருக்கு வந்து முள்ளை நகர்த்தும். எலெக்ட்ரிக்கில் பிளாக்கில் ஒரு சென்சார், அங்கிருந்து கேபினுக்கு வெறும் ஒயர். நான் போட்டிருப்பது எலெக்ட்ரிக்.

மெக்கானிக்கலைக் குறை சொல்ல முடியாது. முள் அசையக் கரண்ட் தேவையில்லை, பேட்டரி டல்லானாலும் சரியாகக் காட்டும், விலையும் பெரும்பாலும் குறைவு. சரி, பிறகு ஏன் அதை விட்டேன்?

பழுதானால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான். நைலான் டியூப் சைலன்ஸர் சூட்டில் விறைத்துப் போகும். செம்பு டியூப் அதிர்வில் நட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். ஒன்றிரண்டு சுற்று சுருட்டி விட்டால் கொஞ்சம் தாங்கும். இன்ஜினைப் பார்க்க கேபினைத் தூக்கும் வண்டியென்றால் ஒவ்வொரு முறையும் டியூப் மடங்கி நிமிர வேண்டும். அது எங்காவது விட்டால் ஒழுகுவது இன்ஜினின் சொந்த ஆயில். தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் காலில் சூடான ஆயில் பீய்ச்சினால் அவர் பிரேக்கைப் பார்ப்பாரா, காலைப் பார்ப்பாரா? ஒயர் அறுந்தால் முள் பூஜ்யத்திலோ கடைசியிலோ போய் நிற்கும், அவ்வளவுதான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஒயரை ஒட்ட எந்த ஊரிலும் எலெக்ட்ரீஷியன் கிடைப்பார். அதே அளவு டியூபும் நட்டும் ராத்திரி நேரத்தில் கிடைக்குமா என்பது சந்தேகம்.

எலெக்ட்ரிக்கிலும் தொல்லை உண்டு. மீட்டரையும் சென்சாரையும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். ஓம் என்பது மின்தடையின் அளவு; 10–180 ஓம் சென்சாரை 240–33 ஓம் மீட்டரோடு சேர்த்தால் முள் தலைகீழாக ஓடும். பெரிய லாரிக்கு 24 வோல்ட், டாடா ஏஸ் மாதிரி வண்டிக்கு 12, கேட்டு வாங்குங்கள். பழைய விளக்கின் ஸ்விட்சைக் கழற்றி எறிய வேண்டாம், டி ஜாயின்ட் (T வடிவ இணைப்பு) போட்டால் இரண்டும் வேலை செய்யும். ஆனால் சென்சார் கனமானது. அதை பித்தளை டி-யில் தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து விரிசல் விட்டு அங்கேயும் ஆயில் ஒழுகலாம். சின்ன ஹோஸ் வைத்து சென்சாரைத் தனியாக கிளாம்ப் செய்வது நல்லது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு பிளாக்தான் எர்த், அதனால் அப்போது எர்த்துக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். நேராக பிளாக்கில் மாட்டினாலும் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கெட்டு முள் ஆடும்.

என் சென்சார் இன்னும் பழசாகவில்லை. வருடக்கணக்கில் சூடு பட்டால் அளவு எவ்வளவு பிசகும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஜெனரேட்டர், போர்வெல் கம்ப்ரசர் மாதிரி மீட்டர் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு நான் மெக்கானிக்கல்தான் வாங்குவேன். அங்கே டியூப் ஒரு முழம் கூடத் தேவைப்படாது, கேபினும் இல்லை.