கூலாயிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு வேலையாட்கள் பேருந்து

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கூலாய் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) சிங்கப்பூருக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வருவோரை ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்துச் சேவைகளில் ஒன்றை நானும் பயன்படுத்தி வருகிறேன். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே ரிங்கிட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே மாரியம்மன் கோயில் முச்சந்திக்கு வண்டி வந்துவிடுகிறது. ஆள் வராவிட்டால் ஓட்டுநரே கைப்பேசியில் அழைத்து எழுப்புகிறார். இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கு முன்வரிசையை ஒதுக்கி வைத்திருப்பதையும், அதை ஆண்கள் யாரும் மீறாதபடி பார்த்துக்கொள்வதையும் பாராட்டியே ஆக வேண்டும்.

இந்தச் சேவையின் உண்மையான தரம் சோதனைச் சாவடிகளில்தான் தெரியும். ஜொகூர் பாருவிலுள்ள மலேசியச் சோதனைச் சாவடியான சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தை வண்டி நெருங்கும்போதே எல்லோரும் கடப்பிதழைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதையில் நெருக்கியடித்து நிற்பார்கள். கதவு திறந்ததும் படிகளில் ஓட்டம்; மலேசியக் குடிநுழைவைக் கடந்து கீழே வந்து மறுபடி ஏறி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான கடற்பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர்ப் பக்கத்துச் சாவடியான உட்லண்ட்ஸில் மீண்டும் இறங்கி, அதே முகத்தையும் அதே கட்டைவிரலையும் இன்னொரு நாட்டுக்குக் காட்ட வேண்டும். வரிசையில் சிக்கிப் பின்தங்கியவருக்காக வண்டியை அங்கே நெடுநேரம் நிறுத்தி வைக்க முடியாது. அப்படி விடுபட்டவரைத் தங்களுடைய அடுத்த வண்டியில் கூடுதல் காசு கேட்காமல் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே இந்தச் சேவையை நான் மாற்றாமல் இருக்கிறேன்.

ஆனால் பயணத்தில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதிக்குப் பேருந்துக்காரர்கள் பொறுப்பல்லர். 1965இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த பிறகும் இந்தப் பாலத்தில் உடனே கடப்பிதழ் கேட்கவில்லை. 1967இல்தான் குடிநுழைவுச் சோதனை தொடங்கியது. அரசாங்கங்கள் ஏற்படுத்திய நடைமுறையை அரசாங்கங்களே எளிதாக்கவும் முடியும். 2024 மார்ச்சில் காரில் வருவோர் இருக்கையை விட்டு எழாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடந்து செல்லச் சிங்கப்பூர் வழி செய்தது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே அமையும் ஆர்டிஎஸ் என்ற எல்லை கடக்கும் ரயிலில் இரு நாட்டுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். ரயிலுக்கு ஒரே இடத்தில் முத்திரை போட ஒத்துக்கொண்ட இரு நாடுகள், கட்டுச்சோற்றுப் பையோடு ஓடும் பேருந்துப் பயணிகளுக்கும் அதே வசதியைச் செய்து தர வேண்டும். 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால் முதலீட்டாளர்களுக்குக் கிடைக்கும் எளிமை எங்களுக்கும் கிடைக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் அதை எடைபோடுவேன்.

எங்கள் நடமாட்டம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடப்பட்டதும், துணிமணியோடு முந்தைய இரவே அக்கரைக்கு ஓடியவர்களுக்கு வேலை மிஞ்சியது, குடும்பம் பிரிந்தது; இக்கரையில் தங்கியவர்களுக்குக் குடும்பம் மிஞ்சியது, பலருக்கு வேலை போனது. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லை மூடியபோது செலுத்தியிருந்த மாதக் கட்டணத்தை, சேவை மீண்டும் தொடங்கியபோது இந்நிறுவனம் புதிய கட்டணத்தில் முறையாகக் கழித்துக்கொண்டது.

இந்த வண்டியில் ஏற முடியாதவர்களையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரின் திருமணம் பதியப்படாததாலோ, பிறப்புப் பத்திரம் எடுக்கப்படாததாலோ அடையாள அட்டையே இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடப்பிதழ் ஏது? நாங்கள் தெற்கே போனதால் வெறிச்சோடிய லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசியரும் தங்கிச் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். ஆசியான் நாட்டவரில் பெரும்பாலோர் விசா இல்லாமல் சுற்றிப் பார்க்க வரலாம் என்றாலும், வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் பாட்டன்மாரில் பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியா திரும்ப நேர்ந்தது. அந்த வரலாறு உள்ள நாம், புதிதாக வந்தவர்களை ‘வந்தேறி’ என்று ஏசுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சேவையில் குறைகளும் உண்டு. மாலையில் கிராஞ்சி அருகே வண்டி நிற்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்க வசதியில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாளுக்கு முந்தைய நாள்களிலும் கடற்பாலத்து நெரிசலை முன்கூட்டியே தெரிவிக்கும் குறுஞ்செய்தி பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது. பின்வரிசைக் குளிரூட்டி நீர் சொட்டுவதைப் பலமுறை சொல்லியும் சரிசெய்யவில்லை. காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குவோர் முதல் வண்டியில் இடம் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வண்டி எட்டு மணி வேலைக்குத்தான் பொருந்தும்.