ஸ்ட்ரீம்லிட்டா, டாஷா? பைதான் டாஷ்போர்டு கற்பவர் எதில் தொடங்கலாம்

அட்டவணைத் தரவைக் கையாளும் பைதான் நூலகமான பாண்டாஸில் ஓரளவு பழகிய ஒருவர், பயனரின் தேர்வுக்கேற்ப மாறும் வரைபடங்கள் கொண்ட பக்கமான ஊடாடும் டாஷ்போர்டு உருவாக்கக் கற்கத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு கருவிகளுக்கு இடையேதான் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். ஒன்று, மாண்ட்ரியலின் பிளாட்லி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட டாஷ். மற்றது, 2019-இல் வெளிவந்து 2022-இல் ஸ்னோஃப்ளேக் நிறுவனத்தின் கைக்குப் போன ஸ்ட்ரீம்லிட். இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தேவையில்லை. எது எளிது என்று கேட்பதைவிட, எது எந்தப் படியில் கடினமாகிறது என்று கேட்பதே கற்பவருக்கு உதவும்.

மாவட்டவாரி மழையளவைக் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பை (அட்டவணைத் தரவை எளிய உரையாக வைத்திருக்கும் கோப்பு) எடுத்துக்கொள்வோம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் மழையளவைக் காட்டும் வரைபடம் (சார்ட்) தோன்ற வேண்டும். ஸ்ட்ரீம்லிட்டில் இதற்கு ஏறத்தாழ ஐந்தாறு வரிகள் போதும். ஏனெனில் பயனர் எதைத் தொட்டாலும் நிரல் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை மீண்டும் ஓட்டிவிடுவதே அதன் அடிப்படை. முதல் நாள் வரமாகத் தெரியும் இந்த இயல்பே பின்னர் இடறவும் வைக்கிறது. கோப்பு பெரிதானால் ஒவ்வொரு சொடுக்குக்கும் அது புதிதாகப் படிக்கப்படும். ஒரு மாறியில் எண்ணிக்கையைக் கூட்டிவந்தால் அது அடுத்த சொடுக்கிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முதலாவதற்கு, ஒருமுறை படித்ததைச் சேமித்துவைக்கும் கேஷ், இரண்டாவதற்கு, மறுஓட்டங்களுக்கு இடையே மதிப்புகளை நினைவில் வைக்கும் செஷன் ஸ்டேட் என்று தீர்வுகள் உண்டு. இவற்றை மனப்பாடமாகச் சேர்க்காமல், நிரல் ஏன் மீண்டும் ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டு சேர்ப்பவரே அடுத்த படிக்குப் போகிறார்.

டாஷ் இந்தச் சிரமத்தைத் தொடக்கத்திலேயே முன்வைத்துவிடுகிறது. பக்கத்தின் அமைப்பைத் தனியாக எழுதி, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, எந்த உள்ளீடு மாறினால் எந்த வெளியீடு மாற வேண்டும் என்பதை கால்பேக் சார்புகளாக வரையறுக்க வேண்டும். அதே மழையளவுச் செயலிக்கு இங்கே வரிகள் கூடும். ஆனால் தேர்வு மாறும்போது தொடர்புடைய சார்பு மட்டுமே ஓடும். ஒரு வரைபடத்தில் சொடுக்கினால் இன்னொன்று மாற வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தச் சொடுக்கும் மற்றோர் உள்ளீடுதான் என்பதால் புதிதாகக் கற்க ஏதுமில்லை. ஸ்ட்ரீம்லிட்டில் வரைபடத் தேர்வுக்கான வசதி 2024-இல்தான் வந்தது. டாஷில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், நிரல் முழுவதற்கும் பொதுவான பொது மாறிகள்: அவற்றைக் கால்பேக்குக்குள் மாற்றினால் ஒருவருடைய தேர்வு இன்னொருவரின் திரையைப் பாதிக்கக்கூடும்.

எனவே தரவைச் சிலருக்குக் காட்டுவதே நோக்கமானால் ஸ்ட்ரீம்லிட்டில் தொடங்குவதையும், ஒன்றையொன்று சார்ந்த பல வரைபடங்கள் வேண்டுமெனத் தெரிந்தால் நேராக டாஷுக்குப் போவதையும் பரிந்துரைப்பேன். நிரலையும் விளைவையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜூபிடர் நோட்புக்கை விட்டு வெளியே வர மனமில்லாதவர்களுக்குப் பேனல் என்ற மற்றொரு பைதான் கருவி பொருந்தும்.

இணையத்தில் ஏற்றும் கடைசிப் படியில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள நிரலை ஸ்ட்ரீம்லிட்டின் கம்யூனிட்டி கிளவுட் சேவையில் கட்டணமின்றி இயக்கலாம். டாஷின் உள்ளே இருப்பது ஃபிளாஸ்க் என்ற பைதான் வலைச்செயலிக் கட்டமைப்பு. ஆகவே ஃபிளாஸ்க் செயலியை கனிகார்ன் என்ற சேவையக நிரல் கொண்டு ஏற்றத் தெரிந்தவருக்கு அதையும் ஏற்றத் தெரியும்.