மான்செஸ்டர் பை தி சீ: அழச்சொல்லும் வயலின்கள்

கென்னத் லோனர்கனின் 2016 படம். நடிப்பில் குறையே இல்லை, இடறுவது இசை. நாயகன் லீயின் வீடு எரியும் காட்சியில் பழைய இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனி பெயரில் வழங்கும் அடாஜியோ என்ற மெதுநடை இசைத்துண்டு (உண்மையில் இசை ஆய்வாளர் ரெமோ ஜியாசோட்டோ 1958இல் வெளியிட்டது) நிமிடக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. ஸ்ட்ரெச்சரின் கால்கள் மடங்காமல் ஊழியர்கள் திணறுகிறார்கள். அந்த உலோகச் சத்தம் மட்டும் கேட்டிருந்தால் நெஞ்சை அடைத்திருக்கும். ஒலிக்கலவையில் சுற்றொலியைத் தாழ்த்தி வயலின்களை ஏற்றியதால், நமக்குத் துக்கம் வருமுன்பே இசை அழுது முடித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பல படங்களில் கேட்டுச் சலித்த மெட்டு வேறு.

தெருவில் லீயும் முன்னாள் மனைவி ரேண்டியும் சந்திக்கும் காட்சியோ நேர்மாறு. அறுபடும் வாக்கியங்கள், ஒருவர்மேல் ஒருவர் விழும் பேச்சு, தேம்பல். அங்கே இசை குறுக்கிடுவதில்லை. ஒவ்வொரு தடுமாற்றமும் தெளிவாகக் காதில் விழுகிறது. தீக்காட்சியிலும் அடாஜியோவை முதல் அரை நிமிடத்திலேயே வெட்டியிருக்கலாம்.