தொடையில் கட்டும் ஐபேட் மினி: பறக்கும் அதிகாரிக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ராணுவ விமானிக்குப் பறப்பது பாதி வேலைதான். பறப்பு அட்டவணை போடுவது, பாதுகாப்பு அறிக்கை எழுதுவது, தனக்குக் கீழே உள்ளவர்களின் ஆண்டு மதிப்பீட்டை முடிப்பது என்று மீதிப் பாதி மேசையில் காத்திருக்கும். மேசையிலிருந்து நேராக, பறப்புக்கு முந்தைய விளக்கக் கூட்டமான பிரீஃபிங்குக்கு ஓடுகிறவருக்கு ஐபேட் மினி நிஜமாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. வரைபடம், இறங்குமுறைத் தாள், கையேடு எல்லாம் 297 கிராமுக்குள் அடங்கிவிடுகின்றன. 8.3 அங்குலத் திரை, ஏ5 தாளைவிடச் சற்றே சிறிய உடல். தொடைக்கு இதைவிடப் பெரியது வேண்டாம்.

பறப்புக்கான தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். புதுப்பிப்பதை முந்தைய நாள் மாலையே, மேசை வேலையை மூடும்போது செய்துவிடுங்கள். பிறகு ஏர்ப்ளேன் மோடில் போட்டு, தேவையான ஒவ்வொரு தாளும் திறக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிந்தால் போதாது. கோப்பு முழுதாக இறங்கியிருக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டால், என்ஜின் ஓடும் நேரத்தில்தான் வெற்றுப் பக்கம் தெரியவரும்.

அலுவலக மின்னஞ்சலை இந்தக் கருவியில் ஏற்றவே கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். அமெரிக்க விமானப்படை விதிப்படி பறக்கும் பணிக்கு முன் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும். அதில் 8 மணி நேரம் இடையூறின்றித் தூங்க வாய்ப்பும் இருக்க வேண்டும். நடுவில் அலுவல் வேலை புகுந்தால் ஓய்வு முறிந்ததாகவே கணக்கு. வரைபடம் பார்க்கத் திறந்த திரையில் மேலதிகாரியின் அவசரக் குறிப்பு வந்து நின்றால், பதில் எழுதாவிட்டாலும் மனம் அங்கே போய்விடும். மதிப்பீட்டு அறிக்கை மேசைக் கணினியிலேயே இருக்கட்டும்.

போக்குவரத்து விமானத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. போர் விமானத்தில்தான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். வெயிலில் நிற்கும் விமானத்தின் கேனோபிக்குள், அதாவது காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூரைக்குள், அந்த வரம்பு சீக்கிரமே தாண்டிவிடும். முதலில் திரை மங்கும், பிறகு எச்சரிக்கை மட்டும் மிஞ்சும். உயர வரம்பு 10,000 அடி. உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிட 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) கூடுதலாக வைத்திருக்கும் காக்பிட்டில், 40,000 அடியில் பறக்கும்போது 16,000 அடிக்கு மேலுள்ள உயரத்தின் காற்றழுத்தம்தான் இருக்கும். அதாவது உற்பத்தியாளர் சோதித்துப் பார்த்த எல்லைக்கு வெளியே கருவி ஓடுகிறது.

ஸ்டிராப் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஜி-சூட் என்பது கூர்மையான திருப்பங்களில் ரத்தம் காலுக்கு இறங்காமல் தடுக்கும் உடை; அதன் தொடைப் பை ஊதும்போது இறுக்கமான பட்டை காலை நெரிக்கும். தளர்வாகக் கட்டினால் கருவி நகரும். 7ஜி-யில், அதாவது எடை ஏழு மடங்காகும்போது, 297 கிராம் 2 கிலோவைத் தாண்டிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே நல்ல அகலமான எலாஸ்டிக் பட்டையாகப் பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்து, கருவி தொடையில் இருக்கும்போதே விமானத்தை இயக்கும் ஸ்டிக்கை நான்கு பக்கமும் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். எங்காவது இடித்தால் அந்தக் கவர் வேண்டாம். 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானத்தில் இருக்கையின் கைப்பிடிக்கும் சைட்-ஸ்டிக்குக்கும் நடுவே ஒரு கேமரா சிக்கி, 27 நொடியில் 4,400 அடி இறக்கிவிட்டது. காக்பிட்டில் கூடுதலாக வரும் எந்தப் பொருளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கையுறை விரலுக்குத் திரை பதில் சொல்லாது. தொடுதிரைக்கென நுனி தைத்த கையுறை வேண்டும். இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்தால், ஒளியைக் குறைந்த அளவுக்கு இறக்கினாலும் திரை கூசும். அதற்குரிய வடிகட்டித் தாள் ஒட்டாமல் பயன்படுத்தக் கூடாது.

அதனால் ஐபேடுக்கு அடியில் ஒரு ஏ5 அட்டையும், நூலில் கட்டிய பென்சிலும் கட்டாயம். அலைவரிசைகள், திரும்ப வேண்டிய எரிபொருள் அளவு, மாற்று ஓடுதளம், நேரங்கள் ஆகிய நான்கும் அட்டையில் கையால் எழுதியிருக்க வேண்டும். திரை அணைந்தால் அதை வைத்தே இறங்கலாம்.

வாங்கும்போது செல்லுலார் மாடலாகப் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ளதில் ஜிபிஎஸ் இல்லை.