கூத்துப் பதிவுக்கு ஒரு மிக்சர்: அம்மாப்பேட்டை மாடியறையில் ஜூம் லைவ்டிராக் எல்-8

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியின் மேல் எட்டுச் சானல், பத்துச் சானல், பன்னிரண்டு சானல் என்று போட்டிருப்பது மேடைக்கான கணக்கு. யூஎஸ்பி வயர் வழியாகக் கணினிக்குள் எத்தனை டிராக் (ஒலித்தடம்) தனித்தனியாகப் போகிறது என்பதே பதிவுக்கான கணக்கு. குறைந்த விலை அனலாக் மிக்சர்களில் பெரும்பாலானவற்றில் அந்த வயரில் போவது இடது, வலது என இரண்டே டிராக்தான். எத்தனை மைக் மாட்டினாலும் எல்லாம் கலந்து இரண்டாகத்தான் உள்ளே போகும். கடையில் இதைக் கேட்டால் "யூஎஸ்பி இருக்குங்க" என்று பதில் வரும். இருக்கிறது என்பது போதாது. எத்தனை டிராக் என்று கேளுங்கள்.

நான் பதிவு செய்வது கூத்து. பெரியப்பா கூத்து வாத்தியார். விடிய விடிய ஆடிப் பாடும் பாரதக் கதைகளில் அவருக்கு மனப்பாடமாக இருக்கிற பாட்டுகளை, அவர் குரலில் வலு இருக்கும்போதே பதிந்துவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சேலம் அம்மாப்பேட்டை வீட்டு மாடியறையைத் தயார் செய்தேன். மைக் கணக்கு இப்படி: பெரியப்பாவுக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, ஹார்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு, நாகசுரம் மாதிரி ஊதுகிற முகவீணைக்கு ஒன்று. மொத்தம் ஆறு. தாளத்துக்குத் தனி மைக் வேண்டியதில்லை, அது கேட்காமலே எல்லா மைக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஆறும் இரண்டு டிராக்காகக் கலந்து பதிவானால் பிறகு என்ன செய்ய முடியும்? பதிவைக் கேட்டதும் பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஏங்கண்ணு, மொகவீணைய மட்டும் கொஞ்சம் கொறைக்க முடியாதா?" கலந்த பதிவில் அதைக் குறைப்பது, நெய்து முடித்த சேலையில் ஒரு நூலுக்கு மட்டும் சாயம் மாற்றுகிற வேலை. ஆறும் ஆறு டிராக்காக இருந்தால், "முடியும் பெரியப்பா" என்று சொல்லி அவர் பக்கத்தில் இருக்கும்போதே குறைத்துக் காட்டலாம்.

ஊரில் மைக் செட் வைக்கிறவர்களிடம் விசாரித்தால் பலரும் யமஹா எம்ஜி10எக்ஸ்யூ என்பார்கள். நல்ல மிக்சர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான்கு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது), முதல் இரண்டு சானலுக்கு ஒற்றைத் திருகில் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது), எதிரொலி போன்ற 24 எஃபெக்ட், உலோக உடம்பு. யூஎஸ்பியில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் போவது இரண்டு டிராக். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகையில் மேடைக்கும் வேண்டும், வீட்டில் ஒற்றைக் குரலில் பக்திப் பாட்டு பதியவும் வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது அந்த விலையில் கிடைப்பது சிரமம். மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர் கிடையாது, எல்லாம் திருகுதான், அதற்குக் கை பழகிக்கொள்ளும். கூத்துக் குழுவை ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பதிய அது போதாது.

எதிர்ப்பக்கத்தில் டாஸ்காம் மாடல் 12 இருக்கிறது. மிக்சர், எஸ்டி கார்டு ரெக்கார்டர், பன்னிரண்டு டிராக்கைக் கணினிக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸ் மூன்றும் ஒன்றில். ஒவ்வொரு சானலுக்கும் ஈக்யூ (கீழ், மேல் சுரங்களைக் கூட்டிக் குறைப்பது) திருகுகள் தனித்தனியாகக் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், பழைய மிக்சரில் பழகியவர்கள் உட்கார்ந்த உடனே வேலையை ஆரம்பிக்கலாம். யமஹாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. பணம் இருந்து, நிலையான மின்சாரம் உள்ள அறையும் இருந்தால் அதை வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்.

எங்கள் தெருவில் மின்சாரம்தான் விஷயமே.

அம்மாப்பேட்டையில் விசைத்தறிச் சத்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த சுவர் தறிக்கூடம். தறிச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தரை வழியாகவும் சுவர் வழியாகவும் ஏறி வருகிற அதிர்வு. இது கீழ்ச் சுரத்தில் உறுமுவதால் மிக்சரில் உள்ள லோ கட் ஓரளவு நறுக்கிவிடும், மைக் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த ரப்பரோ மடித்த ஜமுக்காளமோ போட்டால் இன்னும் குறையும். மற்றது நாடா ஓடி அடிக்கிற சடசட சத்தம். அது கீழிருந்து மேல்வரை எல்லா சுரத்திலும் பரவியிருப்பதால் எந்த ஈக்யூவாலும் எடுக்க முடியாது. எடுக்கப் போனால் மிருதங்கத்தின் வலந்தலையும் சேர்ந்து போய்விடும்.

இந்தத் தறிகள் மொத்தமாக அடங்குவது மின்தடையின்போது. மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன தேதியில் மின்சாரம் இருக்காது என்று நாளிதழில் அறிவிப்பு வரும். தெருவில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற தறிக்கூடம் கிடையாது. அன்றைக்குப் பகல் முழுக்கத் தெருவே ஓய்ந்துவிடும், எங்களுக்கு அதுதான் பதிவு நாள். மின்விசிறி ஓடாது, வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டும், ஆனால் பதிவுக்கு விசிறியை எப்படியும் நிறுத்தியாக வேண்டும்.

அதனால் என் தேவை இப்படி வந்து நின்றது: ஆறு மைக், ஆறும் தனி டிராக், சுவர் மின்சாரம் இல்லாமல் ஓட வேண்டும், விலை கைக்கு எட்ட வேண்டும். ஜூம் லைவ்டிராக் எல்-8 அந்த நான்குக்கும் பொருந்தியது. ஆறு மைக் இன்புட் உண்டு. நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும், யூஎஸ்பி வழியாகவும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கணினி இல்லாமலே எஸ்டி கார்டில் ஒவ்வொரு மைக்கையும் தனி டிராக்காகவும், கூடவே கலந்த ஸ்டீரியோவையும் பதியும். கணினியோடு சேர்த்தால் அதற்குள் 12 டிராக் போய், 4 திரும்பி வருகிற இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதில் சாதாரண மிக்சரை ஓட்டலாமே என்று கேட்பார்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. அது விளக்குக்கும் விசிறிக்கும் ஒத்துவரும், ஆடியோ கருவிகளில் இரைச்சலாக ஏறும் வாய்ப்பு அதிகம். பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருந்தால் பிரச்சினை குறைவு. பேட்டரியில் ஓட்டினால் அந்தக் கவலை இல்லை, எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் வருகிற 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தமும் பெரும்பாலும் காணாமல் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மின்சாரம் இருக்கும் நாளிலும் முக்கியமான பாட்டுகளை நான் பேட்டரியில்தான் பதிகிறேன். ஃபேண்டம் பவர் (மிக்சர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) தேவைப்படும் கண்டன்சர் மைக்குகளைப் போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நல்ல ரீசார்ஜபிள் பேட்டரிகள் கூடுதலாக ஒரு செட் கையில் இருக்கட்டும்.

மைக் விஷயத்திலும் எங்கள் அறைக்கு ஏற்றது டைனமிக் மைக்தான். குரலுக்கு ஷூர் எஸ்எம்58, முகவீணைக்கு எஸ்எம்57. கண்டன்சர் மைக் நுட்பமாகக் கேட்கும் என்பது உண்மை, தெருவையும் சேர்த்து நுட்பமாகக் கேட்கும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். விலை உயர்ந்த மைக்கைத் தேடுவதற்கு முன்னால் இந்த இலவச 6 டெசிபலை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேண்டம் பவரும் வேண்டியதில்லை, பேட்டரியும் தாங்கும்.

முகவீணை சின்னக் கருவி, ஆனால் கூத்துக் களத்தில் தொலைவுவரை கேட்பதற்காக உண்டானது. மூடிய அறையில் அதன் உச்சம் சட்டென்று ஏறிவிடும். கெயினை (மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்கிற திருகு) தாராளமாகக் குறைத்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வைத்தால் போதும். 24 பிட் பதிவில் சிவப்பு விளக்கு வரை ஏற்றிப் பதிய வேண்டிய அவசியமே இல்லை. கேசட் காலத்துப் பழக்கம் அது, இன்னும் பலர் விடவில்லை.

தனி டிராக் என்றால் தனிச் சத்தம் என்று பொருள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே அறையில் உட்கார்ந்தால் முகவீணை எல்லா மைக்கிலும் கசியும். நாங்கள் முகவீணைக்காரரை அறையின் கோடியில், பெரியப்பா மைக்கின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி உட்காரவைத்து, நடுவே இலவம் பஞ்சு மெத்தையைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். எஸ்எம்58 முதுகுப் பக்கச் சத்தத்தைக் குறைவாக வாங்குகிற மைக் என்பதால் இது நன்றாகவே பலன் தருகிறது.

எல்-8இன் ஹெட்ஃபோன் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஹெட்ஃபோன்களுக்கு வெவ்வேறு கலவை கொடுக்கலாம். பெரியப்பாவுக்கு ஹார்மோனியம் தூக்கலாக வேண்டும், மிருதங்கக்காரருக்குப் பாட்டு தூக்கலாக வேண்டும். கூத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடிப் பழகியவர்கள், இரண்டு காதையும் மூடினால் திணறுவார்கள். ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், மற்றக் காது சபையைக் கேட்கட்டும். பாட்டின் வேகம் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும்.

குறைகளும் உண்டு. ஈக்யூ திருகுகள் எல்லாச் சானலுக்கும் பொது. வேண்டிய சானலைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் திருக முடியும். அனலாக் மிக்சரில் ஒரே பார்வையில் ஆறு சானலின் நிலையையும் படித்துவிடலாம், இங்கே முடியாது. ஃபேடர்களுக்கு மோட்டார் இல்லாததால், சேமித்துவைத்த அமைப்பைத் திரும்ப அழைத்தால் ஃபேடர் இருக்கும் இடமும் உள்ளே இருக்கும் அளவும் பொருந்தாமல் நிற்கும். ஏழாவது மைக் வேண்டுமென்றால் இதில் வழியில்லை. அப்போது எட்டு மைக் ப்ரீஆம்ப் உள்ள அண்ணன் எல்-12தான், ஆனால் அதற்குச் சுவர் மின்சாரம் வேண்டும். தட்டினால் சேமித்த ஒலி வருகிற சவுண்ட் பேட்களும் கைபேசியை இணைக்கிற வசதியும் பாட்காஸ்ட் செய்கிறவர்களுக்காக வைத்தவை. எனக்கு அவை பயன்படவில்லை, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நேர்காணல் நிகழ்ச்சி நடத்துகிற நண்பருக்கு அவைதான் முதல் காரணம்.

எடுத்துக்கொண்டு போகிற வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீடு ஒன்றில் பெரியப்பாவை மட்டும் உட்காரவைத்துப் பதிந்தோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் தறிச் சத்தமே கிடையாது, சில்வண்டுதான். மலைக்குப் போகிற அந்தச் சாலையில்தான் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் நுழைவு வளைவு நிற்கிறது. சேலத்திலேயே படம் பிடித்து, சேலத்திலேயே ஒலிப்பதிவு செய்த ஊர் இது. அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம், நம் பாட்டை நம் ஊரிலேயே பதிவது புதிதல்ல என்ற தெம்பு எனக்கு வரும். மலையில் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மூடுபனி அறைக்குள்ளும் வரும், கண்டன்சர் மைக்கின் உள்ளே ஈரம் படிந்தால் படபடவென்று பொரியும். மைக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள், பையிலிருந்து எடுத்த உடனே இணைக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

ஒரே ஆள் பாடுகிறவர், கீபோர்டில் டிராக் போட்டு அதன் மேல் குரல் பதிகிறவர், விளம்பரக் குரல் கொடுக்கிறவர், இவர்களுக்கு எந்த மிக்சரும் வேண்டாம். இரண்டு இன்புட் உள்ள சாதாரண இன்டர்ஃபேஸ் போதும், மிச்சப் பணத்தில் ஜன்னலுக்குக் கனமான திரையும் நல்ல ஹெட்ஃபோனும் வாங்கலாம். முன்னால் வரிசையாகத் திருகுகள் இருந்தால்தான் ஸ்டூடியோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்-8 வாங்குவதென்றால் இந்திய வாரண்டியோடு, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கப்படும் பெட்டி சில ஆயிரம் குறைவாக இருக்கும், பழுதானால் பார்ப்பதற்கு ஆள் இருக்காது. எஸ்டி கார்டை மலிவாக வாங்காதீர்கள். ஆறு டிராக் ஒரே நேரத்தில் எழுதும்போது வேகம் போதாத கார்டு இடையில் நின்றுவிடும். புதுக் கார்டை மிக்சரிலேயே ஃபார்மேட் செய்து, வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டுப் பார்த்த பிறகு பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள்.